ராஜகோபாலன் வீட்டுத் தும்பை

கோல் மார்க்கெட், புது தில்லி

அத்திம்பேர் அவர்களின் சமூகத்துக்கு, வைத்தி அநேக நமஸ்காரம். இவ்விடம் ராஜியும் நானும் க்ஷேமம். அவ்விடம் அக்காவும் தாங்களும் திருச்சி வெயிலில் வாடாமல் இருக்கப் பிரார்த்திக்கிறேன். எனக்கு வயிறு மட்டும் ஒரு மாதமாக எரிகிறது. மருந்து எழுத வேண்டாம், காரணம் ராஜகோபாலன்.

பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர். இந்த மழைக்கு அவர் வாசல் தோட்டம் காட்டுப்பூவாகப் பூத்துத் தள்ளுகிறது. உரம் வேண்டாமாம், தண்ணீர் வேண்டாமாம், இந்த மண்ணுக்கே உரிய செடிகளாம். போகிற வருகிறவர்கள் எல்லாம் ‘வாஹ், அங்கிள்!’ என்கிறார்கள். அதுகூடப் போகட்டும். கல்யாணமான நாளாக என் எதிரில் உட்கார்ந்து காபி குடிச்ச ராஜி, இப்போ டம்ளரும் கையுமா மதில் ஓரம் நின்னு அவர் தோட்டத்தைப் பார்த்துண்டு குடிக்கறா! என் ரோஜாத் தொட்டியெல்லாம் அவ முதுகுக்குப் பின்னாடி. பத்திண்டு வராதா அத்திம்பேர்?

சரி, நாமும் ஐடியா பிடிப்போம்னு ஞாயித்துக்கிழமை ராஜியை அழைச்சுண்டு சர்க்கார் காட்டுப்பூத் தோட்டத்துக்குப் போனேன். போர்டு நட்டு, சுத்திக் கயிறு கட்டி, சுவாமி சந்நிதி மாதிரி வெச்சிருக்கா. எட்டிப் பார்த்தா தும்பை! அடுத்த பாத்தியில விஷ்ணுகிராந்தி, மூக்கிரட்டை. தொட்டுப் பார்க்கக் குனிஞ்சா, காவல்காரன் ‘பாபுஜி, ஹாத் மத் லகாயியே!’, கை வைக்காதேன்னு அதட்டறான். ராஜி அத்தனை பேர் நடுவில, “ஏன்னா, இதைத்தானே நீங்க வாராவாரம் களைன்னு பிடுங்கி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிஞ்சேள்?”ங்கறா. விதையும் வேருமா நானே எறிஞ்சிருக்கேன்! நியாயமா ராஜகோபாலன் தோட்டமே என் தோட்டம். அந்த ‘வாஹ்’ எல்லாம் எனக்கு வரவேண்டியது. வெளியில சொன்னா, அடுத்தாத்துல குப்பை போட்டவன்னு மானம் போயிடும்.

ஆகவே தங்கள் கொல்லையில் முளைக்கிற தும்பை விதையை ஒரு பை நிறைய கூரியரில் அனுப்பவும். ராஜி என் பக்கம் திரும்பிக் காபி குடிக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கமில்லை. அக்காவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும்.

தங்கள் ஆசீர்வாதத்தை வேண்டும்,
வைத்தி

பி.கு.: மேலே எழுதினதையெல்லாம் விட்டுத்தள்ளுங்கோ. ராஜகோபாலன் இப்பத்தான் வந்துட்டுப் போனார். டிரான்ஸ்ஃபராம். என் கையைப் பிடிச்சுண்டு, “தோட்டத்தைப் பார்த்துக்கோங்கோ வைத்தி, எல்லாம் நீங்க போட்ட விதைதானே”ன்னார். தெரிஞ்சிருக்கு மனுஷருக்கு! ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு அழுகையே வந்துடுத்து. திருச்சிக்குப் போறேன்னாரா, அந்த வேகத்தில உங்க பக்கத்து வீடு காலின்னு நானே சொல்லி அட்ரஸும் கொடுத்துட்டேன். விதையை அவர்கிட்டயே கொடுங்கோ. அக்காவோட காபி டம்ளர் மேல மட்டும் ஒரு கண் இருக்கட்டும். என் வயிறு இன்னும் எரிஞ்சுண்டுதான் இருக்கு. ஆனா இப்போ, அப்பேர்ப்பட்ட மனுஷர் பக்கத்தாத்துல இருக்கப்போற உங்களை நினைச்சு.