மோட்டாருக்கு மைதாப் பசை

காலையில் மோட்டார் மறுபடியும் காற்றை இழுத்தது. நீச்சல் குளத்துக்குள் தண்ணீர் பாய வேண்டிய வாயில் குமிழிகள் கொப்பளித்தன. பிறகு அதுவும் நின்று வெறும் இரைச்சல்.

"நேத்து சாயங்காலம் ஜம்முனு ஓடுச்சேடி!" என்றார் இராமகிருஷ்ணன். கம்பெனிக்குப் போகத் தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டை கொடியில் அவரைப் பார்த்துச் சிரித்தது.

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்தியவர். மகன் ராம்குமாரிடம் கம்பெனியைக் கொடுத்தாரே தவிர விடவில்லை. தினமும் போய்ப் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, லோடு ஏற்றுகிறவர்கள் முதல் கணக்கப்பிள்ளை வரை அதட்டினார். ஒருநாள் மகன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"எப்பா, நம்ம குளத்து மோட்டார் ஏர் இழுக்குது. ஆளைக் கூப்பிடாம நீங்களே அதைச் சரி பண்ணிட்டுக் கம்பெனிக்கு வந்தா, உங்க நாற்காலியை நானே தொடச்சுப் போடுறேன்."

அன்று பிடித்த வெறி. மோட்டார் மூடியின் ரப்பர் வளையத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார், மோட்டார் ஓடியது. விடிந்தால் இந்தக் கூத்து.

அடுத்து ஷேவிங் நுரை. நுரை எந்த இணைப்பில் உள்ளே இழுபடுகிறதோ, அங்கேதான் ஓட்டை என்று செல்போனில் பார்த்திருந்தார். முழங்கால் மடங்காததால், மோட்டாருக்கு அடிப்பக்கம் பார்ப்பது மனைவி பத்திரகாளியின் பொறுப்பு.

"அங்கன எல்லாம் இறுக்கமாத்தான் இருக்குங்க."

ஓட்டை அகப்படவில்லை. மேலே அப்பிய நுரை முழுக்கக் குளத்துக்குள் வழிந்து கல்யாண வீட்டு மோர்ப்பானை மாதிரி பொங்கியதைப் பக்கத்து மாடிகளில் துணி காயப்போட வந்தவர்கள் கண்ணாரக் கண்டார்கள். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் துவைக்க நிறையத் துணி இருந்தது.

"அண்ணாச்சி, ஊதுபத்திப் புகையக் காட்டிப் பாப்பமா?" என்றாள் வீட்டு வேலைக்கு வரும் பாண்டிச்செல்வி.

"ஏ புள்ள! எங்கிட்டயே தீக்குச்சியா?" ஆயுசு முழுக்க வெடி செய்த மனிதர், சாமிக்குக்கூடப் பத்தி கொளுத்தியதில்லை.

பிறகுதான் அந்த யோசனை வந்தது.

"பத்திரகாளி, மைதாவைக் கிண்டு. பூச்சி அரிக்காம மயில்துத்தம் ஒரு கிள்ளுப் போடு. காகிதமும் சணலும் எடுத்தா. அணுகுண்டுக்கே தாங்குற கட்டு, மோட்டாருக்குத் தாங்காதா?"

அவர் குழாயில் காகிதம் சுற்ற, அவள் பசை தடவ, சணல் இறுகியது.

"ஞாபகமிருக்கா? கம்பெனின்னா அப்ப ஒத்த ரூமு. நீங்க சணல் சுத்துவீக, நான் லேபிள் ஒட்டுவேன்."

"தலைகீழா ஒட்டுவ. ஒரு ஆர்டரே அப்படிப் போச்சே!"

"புதுப் பொண்டாட்டி மூஞ்சியவே பாத்துக்கிட்டு நீங்க உக்காந்திருந்தா, என் கை எங்கிட்டு நேரா போகும்?"

அவர் வெட்கப்பட்டார். அந்த ஒற்றை அறைக்கு அப்புறம் ஆர்டர் வந்தது, சீசன் வந்தது. பத்திரகாளிக்கு மத்தியானத்தில் திரும்பி வந்ததெல்லாம் காலி டிபன் கேரியர்தான். இப்போது ஒரே கிண்ணத்தில் இரண்டு பேர் விரல்களும் முட்டிக்கொண்டன. பேச்சு நீண்டதில் காப்பி இரண்டு முறை ஆறிப்போனது.

மோட்டாரைப் போட்டார்கள். கட்டு ஊறி, பசை கரைந்து, குளத்தில் இறங்கியது.

சாயங்காலம் வந்த ராம்குமார் வாசலிலேயே நின்றுவிட்டான். "எப்பா, இது நீச்சல் குளமா, கூழ் காய்ச்சுற அண்டாவா?"

"பேசாதலே. நாளைக்குச் சணலைக் கூடுதலாச் சுத்துனாச் சரியாயிரும்."

"அப்ப நாற்காலி?"

"அது எங்க ஓடிப்போகப் போகுது? ஏ பத்திரகாளி, அந்தத் தலைகீழ் லேபிள் லோடு எந்த ஊருக்குப் போச்சு?"

மறுநாள் காலை, காகிதம் வாங்க அவரே உற்சாகமாய்க் கடைக்குக் கிளம்பினார். வெள்ளைச் சட்டை கொடியிலேயே கிடந்தது. பத்திரகாளி அடுப்பில் மைதாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

மோட்டார் பக்கமிருந்து ஸ்பேனரும் கையுமாக வந்தாள் பாண்டிச்செல்வி.

"அக்கா, அடி நட்டை இன்னைக்கும் அரைச் சுத்துத் தளத்தி விட்டுட்டேன், போதுமா?"