மீசையைக் கொடுத்துப் பார்த்த கடல்

அவனியாபுரத்தில் ‘முடியாது’ என்ற சொல்லைக் கேட்டதும் பசியெடுக்கிற ஒரே மனிதர் எங்கள் பஞ்சர் அண்ணன்தான். சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருடைய நிஜப்பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். மீசை இரண்டு பக்கமும் கன்னத்தில் ஏறி நிற்கும். அதற்குத் தினமும் தேங்காயெண்ணெய்.

எண்பதுகளின் ஆரம்பம். டீக்கடைக்கு வந்த வாரப் பத்திரிகையில் ஒரு படம். ஏதோ ஒரு தீவுக்கு விடுமுறைக்குப் போன வெள்ளைக்காரத் தம்பதி, முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் மீன்களோடு நிற்கிறார்கள். அண்ணன் வெகுநேரம் அதையே பார்த்தார்.

“நானும் போயிப் பாக்கப் போறேன்.”

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “அண்ணே, அதுக்கெல்லாம் எம்புட்டுக் காசு வேணும்! நமக்கு வைகையில தண்ணி வந்தாலே திருவிழா” என்றார்.

“கடல் என்ன காசுள்ளவன் வீட்டுத் தொட்டியாய்யா? பாக்காம வந்தேன்னா இந்த மீசையை எடுத்துர்றேன்!”

கடையே எழுந்து நின்றுவிட்டது. எங்கள் பக்கம் மீசை மேல் வைத்த பேச்சு பத்திரத்தில் எழுதிய மாதிரி.

ஒரு மாதம் சைக்கிள் கடையில் வேறு வேலை நடக்கவில்லை. லாரி டியூப்பை வெட்டி, ஜன்னல் கண்ணாடியைப் பதித்து, கண்ணையும் மூக்கையும் மூடுகிற முகமூடி செய்தார். வாயில் கவ்வ ஒரு ரப்பர் குழாய். அதன் மறுமுனை சைக்கிள் பம்பில். பம்பு அடிக்க நான். நான் சாமி கும்பிட ராமேஸ்வரம் போக நினைத்திருந்தேன், அவருக்குத் தீவு வேண்டும். ராமேஸ்வரமும் தீவுதானே! இருவரும் ரயிலேறினோம்.

தீர்த்தமாடி, ராமநாத சுவாமியைக் கும்பிட்டு, மறுநாள் காலை ஒரு மீனவரின் வள்ளத்தில் போனோம். இடுப்பில் கயிறும் கல்லும் கட்டிக்கொண்டு அண்ணன் இறங்கினார். நான் ஓர் அடிக்கு ஒரு ‘ராமா’ சொல்லிப் பம்பு அடித்தேன். நாலாவது ராமாவில் மேலே வந்துவிட்டார், முகமூடி நிறையக் கடலோடு. மூன்று தடவை இறங்கியும் அதே கதி.

“மாப்ள, முகத்தை மட்டும் முக்கி மூக்கால காத்தை விடுறேன். குமிழி எங்கேருந்து வருதுன்னு பாரு.”

டியூப்பில் ஓட்டை பார்க்கிற அதே முறைதான். பார்த்தேன்.

“அண்ணே... மீசைக்கிட்டேருந்துண்ணே. ரப்பர் ஒட்ட மாட்டேங்குது.”

வழியிலேயே சபதத்தைக் கேட்டிருந்த மீனவர் சிரித்தார். “பாத்தேன்னு சொல்லிட்டுப் போங்கண்ணே. யாரு வந்து கேக்கப்போறா? மீசையாச்சும் மிஞ்சும்.”

“பொய்க்கு எதுக்குய்யா மீசை? வள்ளத்தைத் திருப்பு. ஒட்டுப் போடணும்னா மொதல்ல டியூப்பைச் சுரண்டணும்.”

கரையில் மொட்டை போடுகிறவரே தயங்கினார். அண்ணன் தயங்கவில்லை. இரண்டே இழுப்பு.

திரும்பப் போய் இறங்கினார். நூற்றெட்டு ராமா தாண்டியும் கயிறு அசையவில்லை. என் கை மரத்துப்போனது. அப்புறம்தான் கயிற்றை ஆட்டினார். தூக்கி வள்ளத்தில் போட்டோம்.

“என்னண்ணே பாத்தீக?”

முகமூடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“அம்புட்டு மீனு மாப்ள. மஞ்சளும் நீலமுமா. பக்கத்துல வந்து என்னைய ஏற இறங்கப் பாத்துச்சுக. ஒண்ணுகூடச் சிரிக்கல.”

ஊரில் அந்த வெறும் உதட்டைப் பார்த்ததுமே டீக்கடையில் விசில் பறந்தது.

“தோத்துட்டீகளாண்ணே!”

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். சாமி மேல் சத்தியமே செய்யாதவன், அன்று ராமநாத சுவாமி மேல் செய்தேன்.

“பம்பு அடிச்சவன் சாட்சி செல்லாதுப்பா!”

அண்ணன் என் தோளில் கை வைத்தார். “விடு மாப்ள. பாத்த கண்ணு எங்கிட்ட இருக்கு. இவனுக நம்புனா என்ன, நம்பாட்டி என்ன? ஏய்யா, ரெண்டு டீ போடு!”

டீயை நிமிர்ந்து நின்றுதான் குடித்தார். ஆனால் கை ஒருதரம் மீசையை முறுக்கப் போய், வெறும் கன்னத்தைத் தடவிவிட்டுத் திரும்பியதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் முகம் மழித்துவிட்டு வெளியே வந்ததும் என் வீட்டுக்காரி சொம்பைக் கீழே போட்டாள்.

“அய்யய்யோ, மீசை எங்க? யாருக்கு என்னாச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல. பஞ்சர் அண்ணன் கடையில தனியா இருப்பாரு. கூட உக்காந்துட்டு வாரேன்” என்றேன்.