சிவப்புக் காக்கைக்கு என்ன வயது?

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், உன் மனைவிக்குக் கண் ஆபரேஷன் கட்டை அவிழ்த்தாகிவிட்டது என்றும் நம்புகிறேன். இங்கே நான் நலம். நலமில்லை என்று உனக்குச் செய்தி வந்திருக்கிறது என்பதும் தெரியும். எனவே முதலில் ஒரு திருத்தம்.

எனக்கு மறதி நோய் எதுவும் வரவில்லை. மூன்று பேர் உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தாலும் மூன்றும் கிளம்பிய வாய் ஒன்றுதான். அது என் மருமகளைப் பெற்ற சம்பந்தியம்மாளுடையது. துணிகளின் லேபிளைப் பிரித்து மாற்றி மாற்றித் தைத்தது நான்தான். அதை மறதியால் செய்யவில்லை. தெரிந்து, திட்டம் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஊசியில் நானே நூல் கோத்துச் செய்தேன். அது ஏமாற்று வேலை. நோயாளி என்ற பெயரைவிட ஏமாற்றுக்காரி என்ற பெயர் எனக்கு எவ்வளவோ மேல். நீயும் என் மகனிடம், "வயசாச்சு இல்ல, கொஞ்சம் பாத்துக்கோப்பா" என்று சொன்னாயாம். அதைப் பிறகு பேசுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். என் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு மருமகள் ஒரு பெட்டி அனுப்பினாள். 'பொன்மாலை' என்ற கம்பெனியின் கம்பளிச் சட்டை. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கென்றே துணி தைக்கிற கம்பெனியாம். நெஞ்சில் கையகல லேபிளில் ஒரு சூரியன் அஸ்தமித்துக்கொண்டிருக்கிறது. யாருடைய அஸ்தமனம் என்று நான் கேட்கவில்லை. நிறம், மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் நிறம். எந்தத் துணி வந்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன் என்பது உனக்குத் தெரியும். கான்வென்ட்டில் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், பூ வேலையின் முதுகைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் டாக்டர்களின் கோட்டுகளையெல்லாம் அப்படித்தான் பார்த்து உள்ளே எடுத்தேன். இந்தச் சட்டைக்குத் தையல் ஒழுங்கு, நூல் ஒழுங்கு. பொத்தானுக்குப் பதிலாகத் துணிக்குள் காந்தம்; நடுங்கும் விரல்களுக்கு வசதியாம். என் விரல் நடுங்குவதில்லை, போகட்டும். ஆனால் பை இல்லை. ஒரே ஒரு பைகூட இல்லை! வலது பக்கம் தடவினேன், இடது பக்கம் தடவினேன், உள்ளே தடவினேன், கன்னத்தைத் தடவுவது போல வழவழவென்று இருக்கிறது. அறுபது வயதுக்கு மேல் மனிதர்களுக்குச் சாவி கிடையாதா? கைக்குட்டை கிடையாதா? வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகிற வேலையே கிடையாதா? இன்னொருவர் கதவைத் திறந்துவிடுவார், இன்னொருவர் மூக்கைத் துடைத்துவிடுவார் என்று அந்தக் கம்பெனி முடிவு கட்டிவிட்டது.

இருந்தாலும் கொடுத்தவள் மனம் கோணக் கூடாதே என்று, வழக்கம்போலக் காலரின் உள்ளே என் பழைய கான்வென்ட் விடுதி எண் நாற்பத்தேழைச் சிவப்பு நூலால் தைத்துப் போட்டுக்கொண்டேன். வீட்டுச் சாவியை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். திரும்பும்போது நாடா இருக்கிறது, முடிச்சு அவிழ்ந்திருக்கிறது, சாவியைக் காணோம். மேசைக்கடியில் தேடினேன், அலமாரிக்குப் பின்னால் தேடினேன், நூலகர் பாவம் தரையில் மண்டியிட்டுத் தேடினார். கடைசியில் மகனுக்குத் தொலைபேசி செய்ய வேண்டியதாகிவிட்டது. அலுவலகத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தவன் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான். "அம்மா, சாவி உங்க நெஞ்சுலயே ஒட்டிக்கிட்டிருக்கு" என்றான். இரும்புச் சாவி, காந்தப் பொத்தான். பரிசு வாங்கிய பதக்கம் மாதிரி நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டு அரைமணி நேரம் ஊரையே தேடவைத்திருக்கிறேன். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அன்றைக்கே என் மாற்றுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அங்கேதான் ஆரம்பித்தது எல்லாம்.

பையுள்ள சட்டை வாங்க மறுநாளே கடைக்குப் போனேன். வாசலிலேயே விற்கிற பெண் வழிமறித்தாள். "உங்களோடது மூணாம் மாடி, பெரியம்மா. லிஃப்ட் ரிப்பேர், மெல்லமா ஏறுங்க" என்றாள். "வயசானவங்க துணி மூணாம் மாடி, இருபது வயசுப் பசங்க துணி தரையில. இதை யார்ம்மா யோசிச்சது?" என்றேன். "மேனேஜர்." "அவரைக் கொஞ்சம் கூப்பிடு." "அவரும் மூணாம் மாடியிலதான் இருக்கார், பெரியம்மா. லிஃப்ட் ரிப்பேர்னு இறங்கவே மாட்டேங்கிறார்." நல்ல பெண், பொய் சொல்லத் தெரியவில்லை. ஏறுகிற உத்தேசம் எனக்கும் இல்லாததால் தரைத்தளத்திலேயே பார்த்தேன். 'சிவப்புக் காக்கை' என்று ஒரு கம்பெனி. நெஞ்சில் சிவப்பு லேபிளில் ஒரு காக்கை கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பார்க்கிறது. பார்வையில் கொஞ்சம் திமிர். சாம்பல் நிறச் சட்டை, நான்கு பை, அதில் ஒன்று உள்ளே ஜிப் வைத்தது. உள்பக்கம் திருப்பினேன். துவைக்கும் முறை அச்சடித்த துண்டுத் துணியின் அடியில் தொழிற்சாலை எண் இருக்குமே, அதைப் பார்த்தேன். தம்பி, என் பொன்மாலைச் சட்டையில் இருந்த அதே எண்! அதே ஆலை, அதே நூல், அநேகமாக அதே பெண்ணின் கை. காலையில் சூரியனைத் தைத்திருக்கிறாள், மத்தியானம் காக்கையைத் தைத்திருக்கிறாள். பை வைக்கிற பெண் மட்டும் ஒரு வேளைதான் வருவாள் போலிருக்கிறது.

"இது யங்ஸ்டர்ஸ் பிராண்டு, பெரியம்மா" என்றாள் அந்தப் பெண். "பரவாயில்லம்மா, நான் அதைச் சின்னதுன்னு ஒதுக்க மாட்டேன்" என்று சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் என் போதாத நேரம், சம்பந்தியம்மாள். என்னை மேலும் கீழும் பார்த்தார். காக்கையிடம் வந்ததும் கண் நின்றுவிட்டது. "சம்பந்தி, யாரோட சட்டையைத் தெரியாம மாட்டிக்கிட்டு வந்துட்டீங்க?" என்றார். "என்னோடதுதான்" என்றேன். "சரி சரி, உங்களோடதுதான்" என்று குழந்தையிடம் பேசுகிற குரலில் சொல்லி, என் கையைப் பிடித்துப் பேருந்தில் ஏற்றிவிட்டார். நான் ஏற வேண்டிய பேருந்து அது இல்லை. இறங்கித் திரும்பி வருவதற்குள் அவர் வீட்டுக்குப் போய்த் தொலைபேசியில் உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் என்னைச் சோதிக்க வருவதாகத் தகவல் வந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை. சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து இரண்டு லேபிளையும் பிரித்தேன். காக்கைச் சட்டையில் அஸ்தமனத்தைத் தைத்தேன். பொன்மாலைச் சட்டையில் காக்கையைத் தைத்தேன். ஆலைத் தையலுக்கும் என் தையலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அந்த சிஸ்டரே எழுந்து வர வேண்டும். மருமகள் பொன்மாலையைக் கணினியில் கட்டைவிரல் அளவு படம் பார்த்துத்தான் வாங்கியிருந்தாள்; மகனோ எந்தச் சட்டையின் நிறத்தையும் கவனித்தவன் இல்லை. காக்கையை அவள் கண்ணாலேயே பார்த்ததில்லை. மறுநாள் நான்கு பையோடு போய்க் கதவைத் திறந்தேன். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! "பாத்தீங்களா அத்தை, இதுதான் உங்களுக்கு எடுப்பா இருக்கு. எவ்வளவு மரியாதையா இருக்கு! அந்த அந்த வயசுக்குன்னு ஒரு பிராண்டு இருக்கு, அதைப் போட்டாத்தான் பாந்தம்" என்றாள். "ஆமாம்மா" என்றேன். பிறகு நாற்காலி முதுகில் கிடந்த அட்டைப்பெட்டி நிறச் சட்டையைப் பார்த்தாள். காக்கையைப் பார்த்தாள். "இதைத்தான் அம்மா சொன்னாங்களா? அத்தை, இது உங்களுக்கு வேண்டாம்" என்று எடுத்துத் தானே போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று இப்படியும் அப்படியும் திரும்பினாள். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இல்ல?" என்று கணவனைக் கேட்டாள். என் மகன், திருமணமாகி இருபத்தைந்து வருடத்தில் கற்றது வீண்போகாமல், "பதினஞ்சு" என்றான். போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள்.

இதோடு நின்றிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அவள் அதைத் திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போனாள். கதவைத் திறக்கிற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். அது காந்தப் பொத்தானிலேயே ஒட்டிக் கிடந்து உயிரை விட்டுவிட்டது. கதவு திறக்கவில்லை. புதிதாக வந்த காவலாளி, "நீங்க யாரும்மா? யாரைப் பாக்கணும்?" என்று பதினேழு வருடம் வேலை பார்த்த இடத்தில் கேட்டிருக்கிறான். பொத்தானில் என்ன கோளாறு என்று சட்டையைக் கழற்றிப் பார்த்தவள் கண்ணில் காலரின் உள்ளே சிவப்பு நூலில் நாற்பத்தேழு. எல்லாவற்றையும் யோசித்த நான் அதைப் பிரிக்கவில்லை. அவள் தந்த சட்டையில் அந்த எண்ணைத் தைத்துவிட்டதாக நானே அவளிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். இதில் நீ ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் கதவைத் திறக்க முடியாமல் நின்றபோது என் மூளையில் கோளாறு என்றார்கள். அவள் கதவைத் திறக்க முடியாமல் நின்றபோது அட்டையில் கோளாறு என்றார்கள். காந்தம் ஒன்றுதான்.

அன்று மாலை மகன் வந்தான். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகப் பேசினான். "அம்மா, எனக்குக் கோவம் இல்ல. பயமா இருக்கு. எது எந்தச் சட்டையோட லேபிள்னு உங்களுக்குத் தெரியல." "தெரியும்டா. வேணும்னேதான் மாத்தினேன்." "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க." "எல்லாரும்னா யாரு?" "அந்த நிலைமையில இருக்கறவங்க." ஒப்புக்கொண்டால் நோய், மறுத்தால் முற்றிய நோய். வருகிற சனிக்கிழமை வண்டி வருகிறதாம். என் வீட்டைப் பூட்டிவிட்டு, அவர்கள் வீட்டு மாடிப்படியை ஒட்டிய அறையில் என்னை வைத்துக்கொள்ளப் போகிறார்கள். நல்ல அறைதான். உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. உன் அத்தான் போனபிறகு பதினோரு வருடமாக இந்த வீட்டுக் கதவை நான்தான் பூட்டி, நான்தான் திறக்கிறேன். அந்தச் சாவி என் கையில் இருக்கிறவரை நான் இன்னார். அதைக் கொடுத்துவிட்டால் மாடிப்படி அறையில் இருக்கிற அம்மா, அவ்வளவுதான். பை இல்லாத சட்டையைப் பார்த்தபோதே எனக்குச் சுருக்கென்றது அதனால்தான்.

மகன் கடைசியாக, "மாமா ஒரு வார்த்தை சொன்னா நான் விட்டுடறேன்" என்றான். நீ பல் வைத்தியன்தான். ஆனால் அவனுக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் எல்லோரும் ஒன்று. ஆகவே நீ எழுதித்தர வேண்டியது இது: என் அக்கா சிறு வயது முதலே கெட்டிக்கார ஏமாற்றுக்காரி, லேபிள் மாற்றுவது அவளுடைய பழைய பழக்கம். அத்தாட்சி வேண்டுமென்றால் நீயே அத்தாட்சி. எட்டாம் வகுப்பில் உன்னைப் பையன்கள் வரிசையின் கடைசிக்குத் தள்ளுகிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? உன் சட்டைப் பையில் மாணவர் தலைவன் பட்டையைத் தைத்து அனுப்பினேன். உன்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து இரண்டு வாரம் வரிசையின் முன்னால் நின்றாய். ஆசிரியர்கள் உன்னிடம் சாக்பீஸ் எடுத்து வரச் சொன்னார்கள். தலைமையாசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒருவர்கூட, யாரப்பா நீ என்று கேட்கவில்லை. அப்போது எனக்குப் பதினாறு வயது. அதற்கு யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. "வயசாச்சு இல்ல" என்று என் மகனிடம் சொன்னாயே, அதற்கு இதுதான் என் பதில்: எனக்கு வயசானது உண்மை, திருந்தியது பொய்.

உன் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்கட்டும். உன் மனைவியின் கண்ணுக்கு இனி எல்லாம் உள்ளபடி தெரியட்டும்; உன்னைப் பார்த்து அவள் அதிர்ந்தால் பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: பொய்யோடு ஒரு கடிதத்தை ஒட்டக் கூடாது என்று அந்த சிஸ்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே இதையும் எழுதுகிறேன். மருமகள் திருப்பி அனுப்பிய பொன்மாலைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காக்கைச் சட்டை கையை அசைத்தால் சரசரக்கிறது. கழுத்தில் காற்று வேறு புகுகிறது. இது இதமாக இருக்கிறது. மருமகளிடம் இதைச் சொல்வதற்குப் பதில் நான் மூன்றாம் மாடிக்கே ஏறிவிடுவேன். காக்கைச் சட்டையின் உள் பையை, ஜிப்போடு சேர்த்து, பிரித்தெடுத்து இதில் தைத்துவிட்டேன். சாவி அதற்குள் இருக்கிறது. இப்போதுதான் தொட்டுப் பார்த்தேன். காக்கை லேபிளைப் பிரிக்கவில்லை, சம்பந்தியம்மாளுக்காக அது அங்கேயே இருக்கட்டும். சனிக்கிழமைக்கு முன் பதில் போடு. தொலைபேசியில் வேண்டாம், மகனிடம் காட்ட வேண்டும். எழுத்தில், உன் கையெழுத்தோடு அனுப்பு.