கோழித்தோலும் வேப்பந்தழையும்

எடப்பாடிக்குப் போவதில்லை என்று உறுதியாக முடிவு செய்துவிட்டேன். மனைவி கோகிலவாணியிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி. இருபத்திரண்டு வருடமாக என் முடிவுகளெல்லாம் அந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன.

எடப்பாடியில் மச்சினன் வெங்கடாசலம் புது வீடு கட்டியிருந்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் புதுமனை புகுவிழா. நல்ல பையன்தான். ஆனால் வீட்டிலிருக்கும் பதினான்கு குழாயையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி, “எப்படி வருது பாருங்க மாமா” என்பான். தண்ணீர் எப்படி வரும், தண்ணீர் மாதிரிதான் வரும். சாப்பாடும் சைவம்.

இங்கே புதுச்சத்திரத்தில், லாரி சீட் தைக்கும் என் நண்பன் நசுருல்லா அதே ஞாயிறு மதியம் தம் பிரியாணியைச் சட்டியோடு என் வீட்டுக்கே கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு என்று வந்த நாளிலிருந்து, ஆறு மாதமாக ஆடு எதைத் தின்னுமோ அதைத்தான் கோகிலவாணி எனக்குப் போடுகிறாள். ஆட்டைப் போடுவதில்லை. சொல்லுங்கள், பதினான்கு குழாயா, பிரியாணியா?

அந்த வாரம்தான் என் மேல்கையில் சொரசொரவென்று பொடிப்பொடியாக இருப்பதைக் கவனித்தேன். டாக்டரிடம் ஓடினேன்.

“என்ன தொழில்?” என்றார்.

“முட்டை குடோனுங்க.”

“அப்பச் சுலபமாப் புரியும். இறகு புடுங்கின கோழித்தோல் இப்படித்தான இருக்கும்? மயிர்க்காலுல தோல் அடைச்சு நிக்குது. வியாதியே இல்ல, தொத்தாது. நிறையப் பேருக்கு இருக்கும். குளிச்ச ஈரத்தோட தேங்காய் எண்ணெய் தடவுங்க.”

“ஒண்ணுமே பண்ணாதுங்களா?”

“ஏன், எதாச்சும் பண்ணணுமா?”

பண்ண வேண்டும் டாக்டர். என்னை எடப்பாடிக்குப் போகவிடாமல் பண்ண வேண்டும். மனதுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து, முகத்தைத் தொங்கவிட்டு, சட்டையைக் கழற்றிக் காட்டினேன்.

கோகிலவாணி வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தன் தோளை மூடிக்கொண்டாள். பயந்துவிட்டாள், பாவம்.

“டாக்டரு என்னங்க சொன்னாரு?”

“தொத்துமாம். கூட்டத்துப் பக்கமே போகக்கூடாதாம்.”

“காச்சலு இருக்குதுங்களா?”

“உள்காச்சல்.”

“பொடிப்பொடியா இருக்குது, தொத்துது, உள்காச்சல். ஏனுங்க, இது ஆத்தாளாச்சே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்மை என்கிறாள். இல்லை என்றால் எடப்பாடி. ஆமாம் என்றால் பிரியாணி. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

“அப்ப நீ மட்டும் போய்ட்டு வா புள்ள. உனக்குத் தொத்திக்கிச்சுன்னா?”

“எனக்குச் சின்ன வயசுலயே வந்திருச்சுங்க. பயமில்ல.”

அம்மை கண்ட வீட்டிலிருந்து யாராவது விசேஷத்துக்குப் போவார்களா? நான் யோசித்திருக்க வேண்டும். பிரியாணி கண்ணை மறைத்தது.

சனிக்கிழமை விடிந்ததும் வாசலில் வேப்பந்தழை தொங்கியது. பாயிலும் தழை, அதன்மேல் நான். டிவி ஒயரைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். “ஆத்தா இருக்கற ஊட்டுல சத்தம் ஆகாதுங்க.” பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்காவைக் காவல் வைத்துவிட்டுப் பட்டுப்புடவையோடு பஸ் ஏறினாள்.

“சாமி, மோர்க்கூழு. தாளிக்கலை,” என்று காலையில் வந்தார் செல்லாயி அக்கா.

“மத்தியானத்துக்கு என்னங்கக்கா?”

“மோர்க்கூழுதான் சாமி.”

“ராத்திரிக்கு?”

“ஆத்தாளுக்குப் புடிச்சது அதுதான சாமி.”

பல்லைக் கடித்துக்கொண்டு ஞாயிறு மதியம்வரை தாக்குப்பிடித்தேன். பன்னிரண்டரைக்கு முதலில் வாசம் வந்தது. பின்னாலேயே நசுருல்லா வந்தான். கேட் அருகே அப்படியே நின்றுவிட்டான்.

“செங்கோடா, அம்மை போட்டிருக்கா?”

“அதெல்லாம் இல்லப்பா. வெயிலுக்குக் கட்டின தழை. உள்ள வா!”

“ஆமாங்க பாய், முந்தாநேத்துப் போட்டுருச்சு,” என்று மதில்மேல் செல்லாயி அக்காவின் தலை முளைத்தது. “பொய் சொல்றாப்ல. ஆத்தா வந்தா அப்படித்தான் பெனாத்துவாங்க.”

“நசுரு, இது சும்மா கோழித்தோலுப்பா! டாக்டரே சொன்னாரு!”

“கோழியா? பாருங்க பாய், எப்படிப் பெனாத்தறாருன்னு.”

நசுருல்லா இரண்டடி பின்னால் போனான். “நாப்பது வருசமா இந்தத் தெருவுல இருக்கேன். தழை கட்டின ஊட்டுக்குள்ள கவிச்சி கொண்டாறது மொறையில்லப்பா. ஒடம்பப் பாத்துக்க.” சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். தெருமுனைவரை அந்த வாசம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன். செல்லாயி அக்கா வெளியிலிருந்து வேப்பிலையால் விசிறினார்.

மாலையில் கோகிலவாணி வந்தாள். தழையை அவிழ்த்து எறிந்துவிட்டு, “ஆத்தா எறங்கிட்டா, எந்திரிங்க,” என்றாள்.

“ரெண்டே நாள்லயா?”

என் பக்கத்தில் உட்கார்ந்து ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். தோளிலிருந்து முழங்கைவரை சொரசொரவென்று பொடிப்பொடியாக. என்னுடையதைவிட அதிகம்.

“இது எப்பருந்து?”

“ஒம்பதாவது படிக்கறப்ப இருந்துங்க. கல்யாணமாகி இங்க வந்தப்ப நானும் அதே டாக்டர்கிட்டத்தான் போனேன். அதே கோழித்தோலு, அதே தேங்கா எண்ண.”

“அப்ப அன்னிக்கே உனக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“ஏன் புள்ள சொல்லல?”

“இருபத்திரண்டு வருசமா பக்கத்துலயே இருக்கறீங்க. பாத்திருப்பீங்கன்னு நெனச்சனுங்க.”

பேச்சை மாற்ற, அந்தப் பதினான்கு குழாயைப் பற்றிக் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். அவள் எண்ணெய்ப் புட்டியை என் கையில் வைத்தாள்.

“முதல்ல எனக்குத் தேச்சு உடுங்க. அப்பறம் நான் உங்களுக்குத் தேய்க்கறேன்.”

இது மூன்றாவது மாதம். என் கைக்கு இன்னும் முறை வரவில்லை.