எட்டாம் அவென்யூவின் ஏழு பெற்றோர்

மதிப்பிற்குரிய அத்தைக்கு, புரூக்ளினிலிருந்து ஷுவான் வணங்கி எழுதுவது. நாங்கள் நலம்; உங்கள் மூட்டுவலியும் இந்தக் குளிரிலும் சற்று அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

அன்று பள்ளியில் நான் சொல்லாமல் விட்டது இது: "டீச்சர், இவர்களில் ஒருவர்கூட இந்தக் குழந்தையைப் பெற்றவர் இல்லை."

ஐந்து வயதுவரை சீனாவில் உங்கள் கையில் வளர்ந்த நம் ஜியாஎன், இங்கே பெற்றோரிடம் வந்து ஓராண்டாகியும் வகுப்பில் வாய் திறக்கவில்லை, இப்படியே போனால் வசந்த விழாப் புத்தாண்டுக்கு வந்து திரும்ப அழைத்துப் போய்விடுவேன் என்று நீங்கள் சொன்னது எங்கள் எட்டாம் அவென்யூ முழுக்கப் பரவிவிட்டது. டீச்சர் அவளுடைய பெற்றோரைக் கூப்பிட்டபோது சித்தப்பாவும் சித்தியும் வெளியூர் உணவகத்தில் சமையலில் இருந்தார்கள், சரி, நான் போனால் போதும் என்று கிளம்பினால் பள்ளி வாசலில் மீன் உருண்டைக் கடை லியாவ் மாமா ஈர ஏப்ரனோடு நிற்கிறார், பின்னாலேயே முடி வெட்டும் பிங் அக்கா, பஸ் டிக்கெட் விற்கும் தாவ் அண்ணன், இன்னும் நான்கு பேர், எல்லோரும் தாம் போகாவிட்டால் வேறு யார் போவார்கள் என்று தனித்தனியே கடையைப் பூட்டிவிட்டு வந்தவர்கள். குட்டி நாற்காலிகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார்கள். "இதில் அம்மா அப்பா யார்?" என்று டீச்சர் கேட்டதை நான் மொழிபெயர்த்ததும் ஏழு கைகள் உயர்ந்தன.

"தாவ், நீ ஏன்டா கையத் தூக்குற? உனக்குக் கல்யாணமே ஆகல!" என்றார் பிங் அக்கா.

"தினமும் சாயங்காலம் அவளுக்குச் சோறு போடுறது யாரு? நான்தானே?" என்றார் லியாவ் மாமா.

"ஆமா, இங்கிலீஷ் பேசலன்னா நண்டுத் தொட்டியில போட்டுருவேன்னு மிரட்டினதும் நீங்கதான் மாமா!" என்றார் தாவ் அண்ணன்.

மொழிபெயர்க்கச் சொல்லி டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே விழும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியது ஒரு தெருவே நீருக்கடியில் இருந்து பேசுவது போலிருந்தது. அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஜியாஎன் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள்.

"சண்டை இல்ல டீச்சர். எங்க வீட்டுல இப்படித்தான் பேசுவாங்க" என்றாள், சுத்தமான இங்கிலீஷில். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "மெதுவாப் பேசுங்க, ஒவ்வொருத்தரா" என்று நம் மொழியில் அதட்டினாள். கூட்டம் முடியும்வரை மொழிபெயர்த்தது அவள்தான். இங்கிலீஷ் தெரிந்த டீச்சருக்காகத் திறக்காத வாய், தெரியாத ஏழு பேருக்காகத் திறந்தது.

ஆகவே அத்தை, அவள் இங்கேயே இருக்கட்டும். நீங்கள் விமான டிக்கெட் எடுக்க வேண்டாம். உங்கள் வீட்டு அடுப்பு என்றும் அணையாமல் இருக்கட்டும்.

அன்புடன்,
ஷுவான்

பின்குறிப்பு: டிக்கெட் எடுங்கள், சீக்கிரம் வாருங்கள். அன்றிலிருந்து ஜியாஎன் வீட்டிலும் இங்கிலீஷ்தான் பேசுகிறாள். நேற்று நீங்கள் கூப்பிட்டபோது போனை எடுத்தது அவள்தான். தவறான எண் என்று நினைத்து நீங்கள் வைத்துவிட்டீர்கள்.