பிளர் போட்ட ஞாயிற்றுக்கிழமை

இனிமேல் சகலை பரந்தாமன் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று ஜெகதீஷ் ஒரு சனிக்கிழமை காலை முடிவு செய்தான். காரணம், வேப்பம்பட்டில் சகலை வாங்கிப் போட்டிருந்த மனை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் தோளில் கை போட்டு ஓரங்கட்டுவார். கிழக்கு வேலியில் பேச்சை ஆரம்பிப்பார். மேற்கு வேலிக்கு வந்து சேர்வதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்துவிடுவார்கள். கடைசியில், "நீங்க எப்ப சகலை ஒண்ணு வாங்கப்போறீங்க?" என்பார். பட்டினி வயிற்றில் அந்தக் கேள்வி நன்றாகவே எரியும்.

அந்தப் பரந்தாமன் மகளுக்குத்தான் ஞாயிறு மாலை பூந்தமல்லியில் நிச்சயதார்த்தம். பெண்ணுக்குச் சித்தி, ஜெகதீஷின் தர்மபத்தினி கோமளா. சித்தியும் சித்தப்பாவும் ஜோடியாக நின்று சீர்த்தட்டு எடுத்து வைக்க வேண்டும். கோமளா கொஞ்ச நாளாக அந்தத் தட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

"கோமு, நாளைக்கு நான் ஆபீஸ் போகணும். சர்வர் படுத்துடுச்சு."

"ஞாயித்துக்கிழமையா?"

"சர்வருக்கு ஞாயிறு, திங்கள் தெரியுமா?"

"நான் தனியா தட்டு எடுத்தா நாலு பேர் கேப்பாங்களேங்க."

"கேட்டா வீடியோ கால் போடு. ஆபீஸ்லேர்ந்தே ஆசீர்வாதம் பண்றேன்."

"சரிங்க" என்றாள் கோமளா.

அவள் இப்படி ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டால் எந்தப் புருஷனும் உஷாராக வேண்டும். ஜெகதீஷ் ஆகவில்லை. அவனுக்குத் தைரியம் கொடுத்தது பிளர். சேக்காட்டு ஃபிளாட்டில் அவன் வேலை பார்க்கும் நாற்காலிக்குப் பின்னால் மடிக்காத துணி மலையாகக் குவிந்திருக்கும். வீடியோ காலின்போது லேப்டாப்பில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். முகம் மட்டும் பளிச். மற்றதெல்லாம் பனிமூட்டம். அமெரிக்க மேனேஜர் ஒருநாள், "மலைப் பிரதேசத்தில் வீடா?" என்றே கேட்டுவிட்டார். மடிக்காத துணியை ஊட்டியாக்கிய பொத்தான், நண்பன் பாபு வீட்டு ஹாலை ஆபீஸ் ஆக்காதா?

பாபு முத்தாபுதுப்பேட்டைக்காரன். காலேஜ் கூட்டாளி. அவன் மனைவி பத்மாவின் பிரியாணிக்கு அந்தத் தெருவே அடிமை. ஞாயிறு மதியம் ஜெகதீஷ் அங்கே போய் இறங்கினான்.

"இன்னா மச்சான், பிரியாணி துன்ன வந்துட்டு கழுத்துல ஐடி கார்டு மாட்டிக்கினு கீற?"

"வேஷம் போட்டா முழுசா போடணும்டா."

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தான். காதுக்குள் வெளிச்சத்தமே நுழையவிடாத குட்டி இயர்பட்ஸ். பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் கேட்காது. தட்டு மட்டும் கேமராவுக்குத் தெரியாமல் கீழே. இரண்டு வாய் போவதற்குள் கோமளாவின் வீடியோ கால் வந்தது.

அரக்குப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. அவளுக்குப் பின்னாலும் ஒரே பனிமூட்டம்.

"என்ன கோமு, நீயும் பிளரா?"

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? சீக்கிரமே மண்டபத்துக்கு வந்துட்டேன். பாத்திரம் பண்டமெல்லாம் அப்படியே கிடக்கு, அதான்."

ஜெகதீஷுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"அம்பத்தூர் ஆபீஸ்லதான்."

"அந்த பிளரை எடுங்களேன். உங்க ஆபீஸைப் பாத்ததே இல்ல."

"ஐயையோ! கம்பெனி ரூல். எடுத்தா வேலை போயிடும்."

"அப்ப வேணாங்க."

அவள் குரல் லேசாக எதிரொலித்தது. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்தான். திரையின் மூலையில் அவன் படத்துக்குப் பின்னால், மூட்டத்துக்கு நடுவே அரக்கு நிறத்தில் ஏதோ தெரிந்தது. பாபு வீட்டுத் திரைச்சீலை என்று நினைத்தான்.

"வேலை ரொம்ப ஜாஸ்திங்களா?"

"தண்ணி குடிக்க நேரமில்ல கோமு" என்றான், கேமராவுக்குத் தெரியாமல் குனிந்து எலும்பைக் கடித்துவிட்டு.

"பாவம். எனக்கு ரூல் ஒண்ணும் இல்லீங்க, நான் என்னுதை எடுத்துடறேன்."

மூட்டம் விலகியது. அவளுக்குப் பின்னால் ஒரு மேஜை. முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உச்சந்தலையில் அப்பளம் அளவுக்கு வழுக்கை. சொந்த உச்சந்தலையை எந்த ஆம்பிளை பார்த்திருக்கிறான்? ஜெகதீஷுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"யாரு கோமு அந்த அப்பளத் தலையன்? தட்டே இன்னும் மாத்தல, அதுக்குள்ள உக்காந்து மொக்கறான், மானங்கெட்டவன்!"

"எனக்கும் மூஞ்சி தெரியலீங்க. நீங்க கொஞ்சம் கையைத் தூக்குங்களேன்."

ஜெகதீஷ் கையைத் தூக்கினான். அப்பளத் தலையனும் தூக்கினான். கையில் எலும்பு இருந்தது.

இயர்பட்ஸைக் கழற்றிவிட்டு மெதுவாகத் திரும்பினான். வாசல் பக்கம் கோமளா போனைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பாபு சமையலறைக்குள் மாயமாகியிருந்தான்.

நியாயமாகப் பயம்தான் வந்திருக்க வேண்டும். அவனுக்கு வியப்புதான் முதலில் வந்தது. அவன் போட்ட பிளருக்குள்ளேயே ஒளிந்து நின்று, அவன் சொல்லிக் கொடுத்த பொத்தானாலேயே அவனைப் பிடித்திருக்கிறாளே! இவளை மட்டும் கம்பெனியில் உட்கார வைத்தால் எந்தச் சர்வர் படுக்கும்? கட்டினவள் என்பதற்காகச் சொல்லவில்லை, அசல் கெட்டிக்காரி.

"அத்தனை பேர் நடுவுல நான் ஒத்தையா தட்டோட நிப்பேனே, அதை நெனைச்சீங்களா?" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது.

அந்த உடைசல் வேப்பம்பட்டு மனையைவிடப் பெரிதாக அவன் நெஞ்சில் உட்கார்ந்தது. "தப்புதான் கோமு. வரேன்."

"வரத்தானே போறீங்க? வேட்டி சட்டை பையில இருக்கு. சாப்பிட்டுக் கெளம்புங்க."

"நான் இங்க இருக்கேன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? அண்ணன் வராரே, என்ன சமைக்கட்டும்னு பத்மா நேத்தே போன்ல கேட்டா. பிரியாணி பண்ணு, அவருக்கு வயித்துப்புண், காரம் மட்டும் கம்மியா போடுன்னு சொன்னதே நான்தாங்க."