பனிச்சமலையில் பல் வலி

கண்டியிலிருந்து ஹட்டன் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே நிதுஷன் மனப்பாடம் செய்தது ஒரே ஒரு வாக்கியம்: "அப்பா, நான் படிப்ப விட்டுர்றேன்." எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்யத் தெரியாமல் இரண்டு பாடத்தில் கோட்டை விட்டவனுக்கு இந்த நாலு சொல் பெரிய சுமையில்லை. கினிகத்தேனை வளைவுகளில் குமட்டல் வந்தபோதுகூட வாக்கியம் கலையவில்லை. பைக்குள் பல்கலைக்கழகத்தை விட்டு விலகுவதற்கான படிவம் இருந்தது. அதில் அப்பா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

பனிச்சமலைத் தேயிலைத் தோட்டத்தில் இறங்கி, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு ஏறி, கதவைத் தள்ளினால், நடு வீட்டு நாற்காலியில் பக்கத்து வீட்டு ஆண்டியப்பன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்குக் கீழே ஒரு பேசின் இருந்தது.

"டொக்டர் வந்துட்டாரு," என்றார் அப்பா பத்திநாதன். "மூடிறாதீங்கண்ணே. மூணு மணிலருந்து தொறந்து வச்சிருக்காரு, பாவம்."

பத்திநாதன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கூட்டத்துக்குக் கங்காணி. அதைவிட முக்கியமாக, புனித அந்தோனியார் சிற்றாலயச் சபைக்குச் செயலாளர். மகன் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை எழுதும்வரை அவனை 'டேய்' என்றுதான் கூப்பிட்டார். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த நாளிலிருந்து 'டொக்டர்'. வீட்டுக்குள்ளேயே அம்மாவிடம், "மெரினா, டொக்டருக்கு ரொட்டி போடு" என்பார்.

பல் மருத்துவத்தை நிதுஷன் தேர்ந்தெடுத்தான் என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. தேர்ந்தெடுத்தது ஆலய மண்டபத்தில் கூடிய கூட்டம். பரீட்சையில் எடுத்த இசட் ஸ்கோர் மருத்துவத்துக்கு மயிரிழையில் குறைந்துவிட்டது. மிச்சமிருந்த படிப்புகளைச் செயலாளர் ஒவ்வொன்றாக வாசிக்க, சபை ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டது: பேருக்கு முன்னால டொக்டர்னு போடலாமா? நிதுஷன் ஆசைப்பட்ட விவசாயம் முதல் சுற்றிலேயே விழுந்தது. மிருக வைத்தியம் கேள்வியில் தேறினாலும், 'மாட்டு டொக்டருக்கு அப்பா' என்று பேர் வருமே என்று செயலாளரே அதை வெட்டினார். பல் மிஞ்சியது.

எங்கே படிப்பது என்பது அடுத்த கேள்வி. கண்டிப் பக்கம் ஒன்று, கொழும்புப் பக்கம் ஒன்று. இரண்டு இடத்திலும் என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஹட்டன்–கண்டி பஸ் ட்ரைவர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவர் கையில் தினமும் சோற்றுப் பார்சல் கொடுத்தனுப்பலாம். ஆகவே கண்டி. மூன்று வாரம் சோறு வந்தது. நாலாவது வாரம் தம்பியைப் பதுளை பஸ்ஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

முதல் வருடத்தில் பல்லே கிடையாது என்பதையும் அந்தச் சபை அறிந்திருக்கவில்லை. பிணம் இருந்தது. இரசாயனம் இருந்தது. கையிலும் காலிலும் ஓடுகிற நரம்புகள் இருந்தன. எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் மாலை ஐந்து வரை விரிவுரை, இரண்டு வாரத்துக்கு ஒரு பரீட்சை. பல் என்று கண்ணில் பட்டது ஒரு மெழுகுக் கட்டிதான். அதில் கடைவாய்ப் பல் ஒன்றைச் செதுக்கச் சொன்னார்கள். ஆறு நாள் செதுக்கிக் கொண்டுபோய் வைத்தான். பயிற்சி ஆசிரியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டார். நுவரெலியா மாவட்டம் என்றதும், அப்படியானால் சரிதான், உங்கள் ஊர் உருளைக்கிழங்கு நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் கைதான் இப்போது ஆண்டியப்பனின் வாய்க்கு முன்னால் போன் வெளிச்சத்தைப் பிடித்தது.

தனக்கு இன்னும் பல் பார்க்கச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று நிதுஷன் மெதுவாகச் சொன்னான். "பாத்தீங்களாண்ணே, துளி பெருமை கிடையாது," என்றார் அப்பா. தோட்டத்து மருந்துக் காம்பராவுக்கு அனுப்பலாமே என்றான். அங்கிருந்த மருந்தாளர் மாற்றலாகி ஐந்து மாதம், பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது என்றார்கள்.

ஆண்டியப்பனின் வாய் வெற்றிலைச் சிவப்பில் அடுப்புப் போல இருந்தது. அதில் எது கெட்ட பல், எது நல்ல பல் என்று கடவுளுக்கே வெளிச்சம். அவமானம் தாங்காமல், தான் பெயிலான பாடத்திலிருந்து நினைவில் நின்ற ஒரே பெயரைச் சொன்னான். "மெசிட்டர்." அது கன்னத்துத் தசை.

"மெசிட்டரா," என்றார் ஆண்டியப்பன் பயபக்தியோடு. "அதான் இந்த இழு இழுக்குது. தம்பி, அத அப்புடியே இங்கிலீசுல ஒரு துண்டுத் தாள்ல எழுதிக் குடுங்க."

ஆஸ்பத்திரிக்குத்தானே கேட்கிறார் என்று கொப்பித் தாளைக் கிழித்து எழுதினான்: பல் வலி, ஓய்வு தேவை, பல் வைத்தியரைக் காணவும். ஓய்வு என்பது எப்படி வந்து விழுந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. எட்டு மாதமாக எல்லா நோய்க்கும் மருந்தாக அவன் மனதில் இருந்தது அது ஒன்றுதான். கையெழுத்தை மட்டும் போட்டு நீட்டினான்.

முத்திரை இல்லாத தாளை எவன் மதிப்பான் என்று அப்பா உள்ளே போய், அந்தோனியார் சபையின் வட்ட முத்திரையைக் கொண்டுவந்து, ஊதி, ஓங்கிக் குத்தினார்.

அன்று வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தான்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சங்கு ஊதும் முன்னமே வாசலில் ஆறு பேர், கன்னத்தில் கை வைத்தபடி நின்றார்கள். ஆறு துண்டு எழுதினான். எழுதி முடித்ததும் அம்மாவிடம், இனி மிகக் கடுமையான வலி உள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று லயம் முழுக்கச் சொல்லச் சொன்னான். மெரினா சொன்னாள். ஒரு மணி நேரத்தில் மேலும் ஏழு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் மிகக் கடுமையான வலி.

ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கும் வலிக்கவில்லை. பூசையில் விசேஷமாக வேண்டிக்கொண்டதன் பலன் என்றாள் மெரினா. இதுதான் நல்ல நேரம் என்று நிதுஷன் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அப்பா, நான் படிப்ப..."

"முடிச்சுட்டு இங்கயேதான் வருவ. எனக்குத் தெரியும்," என்றார் பத்திநாதன். சொல்லிவிட்டுத் துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். துவாய்க்குள் அவர் அழுதது கேட்டது. படிவம் பைக்குள்ளேயே இருந்தது.

திங்கட்கிழமை பத்தொன்பது பேர். தான் கண்டபடி சொன்ன எதனாலோ வலி கூடுகிறது என்று நிதுஷன் நினைத்தான். வாய்க்குள் பார்க்கவே பயந்து, வெளியிலிருந்தே கேட்டு எழுதினான். எப்படியாவது கூட்டத்தை விரட்ட வேண்டும் என்று, துண்டு வாங்குகிறவர்கள் மூன்று நாளைக்கு வெற்றிலையைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டான். வெற்றிலை இல்லாவிட்டால் மூச்சு விட மறந்துபோகிற ஜனம். ஓடிவிடும் என்று நம்பினான். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. "டொக்டர் சொன்னா சரிதான்," என்று பணிவாகத் துண்டை நாலாக மடித்துக்கொண்டு போனார்கள். மனிதர்கள் வெற்றிலையையே துறக்கிறார்கள் என்றால் அந்த வலி எப்படிப்பட்ட வலியாக இருக்கும். அன்று நிதுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு வினோஜன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பெரட்டில் பாதி ஆள் இல்லை, நாலாம் நம்பர் மலையில் கொழுந்து முற்றிக் கிடக்கிறது என்றார்.

"தோட்டத் தொரை மேசயில ஒங்க துண்டு முப்பத்து மூணு கெடக்கு, தம்பி. வரிசையா வச்சுப் பாத்துட்டு தொரையே பயந்துட்டாரு. இது தொத்து நோயா, இல்ல வேற எதுவுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் ஒன்றும் டொக்டரில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா பக்கத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "தண்ணியாகவும் இருக்கலாம்," என்று நிதுஷனின் வாய் சொல்லியது.

பின்னேரத்துக்குள் லயத்துக்கு வருகிற தண்ணீர்த் தாங்கியை மூடிவிட்டார்கள். பெண்கள் குடத்தோடு ஓடைக்கு இறங்கினார்கள். தண்ணீர் நின்ற செய்தி தொழிற்சங்கத்துக்குப் போனது. சங்கம் அறிக்கை விட்டது. அறிக்கையை வாசித்த சங்கத்தின் மாவட்டத் தலைவர், புதன்கிழமை மைதானத்தில் தானே நேரில் வந்து பேசுவதாகப் போன் பண்ணினார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும், மேடையில் நாற்காலி கிடைக்கும் என்றால் வருவதாகச் சொன்னார்.

புதன்கிழமை அப்பா, பிணவறையில் போடுகிற வெள்ளை அங்கியைப் பையிலிருந்து எடுத்து நிதுஷனுக்கு மாட்டிவிட்டார். துவைக்காத அங்கி. மேடையில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த துரை, மூக்கைத் துடைக்கிறவர் போலக் கைக்குட்டையை எடுத்தார், பிறகு அதை உள்ளே வைக்கவேயில்லை.

தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். "இது வெறும் பல் வலி அல்ல, தோழர்களே. இது இருநூறு வருசத்து வலி," என்றபோது விசில் பறந்தது. அவர் சங்கத்தில் எப்போது சேர்ந்தார் என்பதில் தொடங்கி, எந்தெந்த அமைச்சரோடு எந்தெந்த நாட்டில் தேநீர் குடித்தார் என்பதுவரை சொல்லிவிட்டு, கடைசியில் பல்லுக்கு வந்தார். பனிச்சமலையில் ஒரு பல் சிகிச்சை நிலையம் வரும். அதை இந்த மண்ணின் மைந்தன் நடத்துவார். சொல்லிக்கொண்டே ஒரு துணியை இழுத்தார். அடியில் அடிக்கல். அதில் தலைவரின் பெயர் பெரிதாகவும், 'டொக்டர் ப. நிதுஷன்' என்பது அதற்குக் கீழே சிறிதாகவும் வெட்டப்பட்டிருந்தன.

கல்லில் வெட்டிய பெயரை நிதுஷன் இரண்டு தடவை வாசித்தான். இனி இந்தப் பெயரை யார் அழிப்பது? ஐந்து வருடப் படிப்பு, இருநூற்றாறு எலும்பு, உருளைக்கிழங்கு, எல்லாம் அந்தக் கல்லாகத் திரண்டு நெஞ்சில் உட்கார்ந்தன. பொன்னாடையைப் போர்த்தி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். கீழே முன்வரிசையில் அப்பா, கை தட்டுவதற்கு இரண்டு உள்ளங்கையையும் தயாராக விரித்து வைத்திருந்தார்.

"நான் டொக்டர் இல்ல," என்றான் நிதுஷன்.

ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது.

"எனக்கு ஒரு பல்லக்கூடப் பாக்கத் தெரியாது. படிச்சது எட்டு மாசம். அதுலயும் ரெண்டு பாடம் பெயில். ஒங்களுக்கு வந்தது என்னா நோய்னு எனக்குத் தெரியாது. மெசிட்டர்னா பல்லு இல்ல, கன்னம். தண்ணியில ஒண்ணும் இல்ல, பயத்துல சொன்னேன். திங்கட்கிழமையிலருந்து நான் ஒருத்தர் வாயையும் பாக்கல. ஒங்கள எல்லாம் ஏமாத்திட்டேன். அப்பா, நான் படிப்ப விட்டுர்றேன். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

அங்கிப் பைக்குள் மடித்து வைத்திருந்த படிவத்தை எடுத்து நீட்டினான். அது காற்றில் படபடத்தது. பத்திநாதனின் உள்ளங்கைகள் விரித்தபடியே நின்றன. தலைவர் அடிக்கல்லின் மேல் துணியை மறுபடி இழுத்து மூடப் பார்த்தார், துணி போதவில்லை. துரை முதல் தடவையாகக் கைக்குட்டையை இறக்கினார்.

நிதுஷன் கல் வந்து விழும் என்று காத்திருந்தான். செருப்பாவது வரும் என்று நினைத்தான். துண்டு வாங்கியவர்கள் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள், நீ சொல்லு, நீ சொல்லு என்பதுபோல.

கடைசியில் கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். முப்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிற ராக்காயி. திங்கட்கிழமையிலிருந்து ஒரு நாள் விடாமல் அவன் வாசலில் துண்டுக்கு நின்றவள். மேடைக்குக் கீழே வந்து, வாயைப் பொத்தியிருந்த முந்தானையை இறக்கிவிட்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி அண்ணாந்து சொன்னாள்:

"எனக்குப் பல்லெல்லாம் கொட்டிப் பன்னெண்டு வருசமாச்சு, தம்பி, நாளைக்கும் மலை ஏற ஒடம்புல தெம்பு இல்ல, துண்டு இல்லாம வீட்டுல நின்னா வேலைய நிப்பாட்டிருவானுங்க, அத மட்டும் எழுதிக் குடுத்துட்டு நீங்க படிங்க, படிக்காமப் போங்க."